சுகர் எல்லையில் வந்து நிற்கிறது, மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) தேங்காயையும் விட்டே ஆகணுமா?

கருங்கல் பக்கத்துக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 37. கருங்கல் பக்கத்தில் வீடு, நாகர்கோவிலில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலை. காலை 7.40 பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது, சாயங்காலம் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்பு 94 செ.மீ. கல்யாணத்தின்போது 56 கிலோ இருந்தேன், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏறின எடை இறங்கவே இல்லை.

போன மாதம் மாமிக்கு (மாமியாருக்கு) சுகர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் எனக்கும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 112, மூன்று மாத சராசரி (HbA1c) 6.1. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "சோத்தைக் குறைங்க, நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். வெளியே அவ்வளவு கூட்டம், அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் அம்மாவுக்கு 45 வயதில் சுகர் வந்தது. 58 வயதில் வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். அந்தப் புண்ணுக்கு நாலு மாதம் தினமும் மருந்து வைத்துக் கட்டினது நான்தான், துணியைப் பிரிக்கும்போது வருகிற வாடை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு பயம்.

சாப்பாட்டை மறைக்காமல் சொல்கிறேன். காலையில் புட்டு, இல்லாவிட்டால் தோசை நாலு, அவசரத்தில் சில நாள் ஒன்றுமில்லை. மதியம் டப்பாவில் சோறு, மீன் குழம்பு, ஏதாவது ஒரு துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), துவரன் கொஞ்சம்தான் வைப்பேன். நாலு மணிக்கு ஆபீஸில் டீயும் பழபஜ்ஜியோ வடையோ, யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கும் பப்ஸும். வீட்டுக்கு வந்ததும் மாமி அவித்து வைத்த மரச்சீனியும் சம்மந்தியும் (தேங்காய்த் துவையல்). ஒன்பதரைக்கு மறுபடியும் சோறு. டீ ஒரு நாளைக்கு நாலு, ஒவ்வொன்றிலும் சீனி இரண்டு ஸ்பூன். தேங்காய் தினமும் ஒன்று தீர்ந்துவிடும், வீட்டில் நாங்கள் பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். அவர் துபாயில் இருக்கிறார்.

இதுவரை செய்து பார்த்தவை: மூன்று வாரம் ஓட்ஸ், தொண்டையில் இறங்கவில்லை. தேனும் எலுமிச்சையும். அப்புறம் தெரிந்த ஒரு அக்கா சேர்த்துவிட்டாங்க என்று இரண்டரை மாதம் ஒரு பவுடரைக் கலக்கிக் குடித்தேன், பதினெட்டாயிரம் ரூபாய் போனது, 5 கிலோ குறைந்தது, நிறுத்தின பிறகு 7 கிலோ ஏறிவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். மரச்சீனியை அடியோடு விடணுமா? தேங்காய் இல்லாமல் நம்ம வீட்டில் எப்படிக் கறி வைக்கிறது? நடக்கிறது எங்கே? எங்கள் ரோட்டில் காலையில் டிப்பர் லாரி, சாயங்காலம் நாய். முழங்காலும் லேசாக வலிக்கிறது.

வேணாட்டுக்காரன்:

சகோதரி, பயப்படாதீங்க. நான் ஏழு நாள் வெறும் பழம் மட்டும் சாப்பிட்டு 4 கிலோ குறைத்தேன். மட்டிப்பழம், பப்பாளி, கொய்யா, வேறு எதுவும் கிடையாது. சோற்றை முழுசா நிறுத்துங்க, அதுதான் விஷம். மரச்சீனியைப் பார்க்கவே பார்க்காதீங்க. சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டுக் காப்பி குடியுங்க, எவ்வளவு வேணுமானாலும்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:

வேணாட்டுக்காரன் தம்பி, நல்ல மனசோடு சொல்கிறீர்கள், ஆனால் சுகர் எல்லையில் நிற்கிற ஒருவருக்கு இந்த மூன்றும் ஆகாது. ஒரு வாரத்தில் போன 4 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர், திரும்பச் சோறு சாப்பிட்ட மூன்றாம் நாளே அது திரும்பிவிடும். வெறும் பழத்தில் புரதம் ரொம்பக் குறைவு, அதனால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரையும். சுகரை எடுத்து எரிப்பதே அந்தச் சதைதான். கருப்பட்டியும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். மணமும் ருசியும் வேறு, கொஞ்சம் தாது உப்பும் இருக்கலாம், ஆனால் 'எவ்வளவு வேணுமானாலும்' என்று மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

கருங்கல் தங்கச்சி, இனி உனக்கு. முப்பது வருஷம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள் நான், உன் அம்மாவின் கால் மாதிரி எத்தனையோ கால்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன், உனக்கு வந்தது நல்ல நேரத்தில் வந்த எச்சரிக்கை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, மூன்று மாத சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம். அதில் நிறைய பேர் பின்னால் திரும்பி வந்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இந்தக் கட்டத்தில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரையோடு விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது, சாப்பாட்டையும் நடையையும் திருத்தினவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை. அப்படியும் பலன் கிடைத்தது. அமெரிக்காவில் 2002-ல் வந்த ஆய்வில் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிஷம் நடப்பது என்று இரண்டு குறிதான் வைத்தார்கள், நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உன் 74 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம். கல்யாணப் போட்டோவில் இருக்கிற 56-ஐ இப்போதைக்கு மறந்துவிடு. 69-ஐப் பார், அதுவும் ஆறு மாதத்தில் வந்தால் போதும்.

எடையை விட இடுப்பு முக்கியம். நம்ம ஊர் ஆட்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேருவது அதிகம், அதனால்தான் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்று கோடு போட்டிருக்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கிலும் (பி.எம்.ஐ.) வெள்ளைக்காரர்களுக்கு 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் உடல் பருமன் என்று இருப்பது நமக்கு 23, 25. உனக்கு 30-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டு அள.

மரச்சீனிக்கு வருகிறேன். விடவே வேண்டாம். ஆனால் நீ சொன்ன சாப்பாட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் கிழங்கு, ஒன்பதரைக்குச் சோறு, இரண்டும் வருகிறது பார், அங்கேதான் கோளாறு. மரச்சீனி காய்கறி கணக்கில் வராது, அது சோற்றின் கணக்கு. பச்சைக் கிழங்கு நூறு கிராமில் மாவுச்சத்து 38 கிராம், புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. கிழங்கு சாப்பிட்ட அன்றைக்கு ராத்திரி சோறு கிடையாது, அவ்வளவுதான். அதுவும் வெறும் சம்மந்தியோடு வேண்டாம், மீன் குழம்போடு சாப்பிடு, இல்லாவிட்டால் அவித்த பயறோடு. அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டணும் என்பது மாமிக்குத் தெரிந்திருக்கும், அந்தக் கசப்பு விஷம் தண்ணீரோடு போய்விடும்.

இன்னொன்று. இந்தக் கிழங்கு நம்ம மண்ணில் பரவினது திருவிதாங்கூர் காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் நின்றபோது நம்ம தாத்தா பாட்டிமார் உயிர் பிழைத்தது இதை அவித்துத் தின்றுதான். அதனால் இதைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் அதைத் தின்றுவிட்டு விளையில் (தோட்டத்தில்) மண் வெட்டினார்கள், தென்னை ஏறினார்கள், சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டு போனார்கள். நீ அதே அளவைத் தின்றுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருகிறாய்.

சோற்றுக்கு ஒரு வழி. சிரட்டை அகப்பையால்தானே கோருகிறாய்? ஒரு நாள் மட்டும் தராசில் வைத்துப் பார், உன் அகப்பை ஒன்றுக்கு எவ்வளவு சோறு என்று. வெந்த சோறு 150 கிராம் என்றால் ஏறக்குறைய 200 கலோரி, ஒரு வேளைக்கு அது போதும். அது எத்தனை அகப்பை என்று தெரிந்துவிட்டால் பிறகு தராசு வேண்டாம். தட்டில் முதலில் துவரனையும் அவியலையும் பாதித் தட்டுக்கு வை, அப்புறம் மீனோ முட்டையோ பயறோ, கடைசியாகச் சோறு. சாப்பிடுவதும் அந்த வரிசையில் சாப்பிட்டால் சுகர் சட்டென்று ஏறாது. நம்ம வீடுகளில் சோற்றை மலை மாதிரி வைத்து ஓரத்தில் ஒரு நுள்ளு துவரன் வைக்கிறோம், அதைத் தலைகீழாக மாற்றணும். சம்பா அரிசி நல்லதுதான், தவிடு மிச்சமிருக்கிற வரைக்கும். ஆனால் சம்பா என்று சொல்லி மூன்று மடங்கு சாப்பிட்டால் கணக்கு ஒன்றுதான்.

தேங்காய் 100 கிராமில் 350 கலோரிக்கு மேலே இருக்கிறது, பெரும்பாலும் கொழுப்பு. நாலு பேருக்கு ஒரு தேங்காய் என்பதை அரைத் தேங்காயாக்கு. குழம்புக்கு அரைத்தால் அன்றைக்குத் துவரனுக்குத் திருவாதே, கடுகு தாளித்து வெங்காயம் கூட்டிப் போட்டு இறக்கு. சம்மந்தி வைக்கிற நாளில் புளி மீன்கறி வை. தேங்காயை வறுத்து அரைத்து வைக்கிற தீயல் வாரம் ஒருநாள் போதும். எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள், மாதத் தொடக்கத்தில் அந்த அளவைத் தனிப் பாட்டிலில் ஊற்றிவிட்டால் மாமிக்கும் கண்ணில் தெரியும்.

டீயில் சீனி ஒரு நாளைக்கு எட்டு ஸ்பூன், அது 40 கிராம். முதல் வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று, அப்புறம் அரை என்று இறங்கு, ஒரே நாளில் நிறுத்தினால் நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும். தைராய்டும் ஒருமுறை பார்த்துக்கொள், எடை இறங்காத பெண்கள் சிலருக்கு அது தெரியாமலே இருக்கும். பவுடர் இனி வேண்டாம், என்ன சேர்க்கிறார்கள் என்று தெரியாததை உள்ளே விட்டு ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் விளை:

நர்ஸ் அக்கா சாப்பாட்டைச் சொல்லிவிட்டாங்க, நடையைப் பற்றி நான் சொல்கிறேன். குலசேகரம் பக்கம் வீடு, வேலை நாகர்கோவிலில். 2022-ல் 91 கிலோ இருந்தேன், இப்போது 79. ஒன்றே முக்கால் வருஷம் பிடித்தது, நடுவில் நாலு மாதம் ஒரு கிராம்கூட இறங்காமல் நின்றது.

எங்கள் அப்பா ரப்பர் வெட்டுகிறவர். காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரத்துக்குப் பக்கம் வெட்டி, மறுபடி எல்லா மரத்துக்கும் போய்ச் சிரட்டையில் பாலெடுத்து, ஷீட் அடித்துப் பதினோரு மணிக்குத்தான் உட்காருவார். அவருக்கு அம்மா வைக்கிற பெரிய தட்டுச் சோற்றை அதே தட்டில் நானும் சாப்பிட்டுக்கொண்டு பைக்கில் ஏறி ஆபீஸ் போனேன். எடை ஏறாமல் என்ன செய்யும்? தட்டை மாற்றினதுதான் நான் செய்த முதல் வேலை.

ரோட்டில் நடக்கவே வேண்டாம். டிப்பர் ஓடுகிற ரோட்டில் விடிகாலை இருட்டில் நடப்பது சுகரை விட ஆபத்து. பக்கத்தில் பள்ளிக்கூட மைதானமோ சர்ச் மைதானமோ கோயில் வெளிப் பிராகாரமோ இல்லாத ஊர் நம்ம மாவட்டத்தில் கிடையாது, கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் நேரத்துக்கு அதுவும் கஷ்டம் என்றால் நடையைத் துண்டு போடுங்கள். நான் பார்வதிபுரத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி மீதியை நடந்தேன், இருபது நிமிஷம். மதியம் சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிஷம் ஆபீஸைச் சுற்றி. ராத்திரி சாப்பிட்டுப் பத்து நிமிஷம் வீட்டு முற்றத்தில். மூன்றும் சேர்ந்து நாற்பது. சாப்பிட்ட உடனே நடக்கிற பத்து நிமிஷம் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை நேரடியாக இழுத்துவிடும், அதனால் சுகர் எல்லையில் இருக்கிறவர்களுக்கு அந்தத் துண்டு நடைதான் விசேஷம். ஜூனிலும் ஐப்பசியிலும் மழை விடாது, அப்போது வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கலாம், பிள்ளைகளிடம் எண்ணச் சொன்னால் அவர்களும் கூட நடப்பார்கள்.

வேகம் என்றால் பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த அளவு.

முழங்காலுக்காக நடையை நிறுத்தாதீர்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழுகிற பாரம் நாலு கிலோ குறைகிறது, அதனால் முதல் மூன்று கிலோ போனதுமே வித்தியாசம் தெரியும். ஆனால் தொடையில் பலம் வேண்டும், அது நடந்தால் மட்டும் வராது. வாரம் இரண்டு மூன்று நாள் இதைச் செய்யுங்கள்: கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருவது, பத்து தடவை. கொஞ்சம் இருந்து மறுபடியும் பத்து. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து. அடுப்படியில் பால் பொங்குகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்குவது இருபது. நான் ஜிம்முக்குப் போனதில்லை, ஒரு ரூபாய் செலவு கிடையாது. முதல் நாள் ஏழாவது தடவையிலேயே என் தொடை நடுங்கினது, இப்போது முப்பது தடவை எழுந்து உட்காருகிறேன்.

நாலு மணி பழபஜ்ஜிக்கு ஒரு வழி. பசியோடு போனால் கை அதை எடுக்கத்தான் செய்யும். டப்பாவில் ஒரு கைப்பிடி அவித்த காணமோ (கொள்ளு) வறுத்த கடலையோ கொண்டு போங்கள், மூன்றரைக்கே சாப்பிட்டுவிடுங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிற நாளில்தான் சாயங்காலம் பஜ்ஜி இரண்டாகும், எனக்கு அப்படித்தான் ஆனது. புட்டு சாப்பிடுங்கள், ஆனால் பழமும் சீனியும் போட்டுப் பிசையாமல் பயறோடு, ஒரு குற்றியில் (புட்டுக் குழாய் ஒன்றில்) பாதி.

குளச்சல் அக்கா:

மீனைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. நெய்மீன் (வஞ்சிரம்) வாங்கக் காசில்லை என்று கவலையே படாதே தங்கச்சி. சாளையும் (மத்தி) அயிலையும் (கானாங்கெளுத்தி) நெத்திலியும் போதும், இதயத்துக்கு நல்ல கொழுப்பு இருக்கிறது அதுகளில்தான். நூறு கிராம் சாளையில் இருபது கிராம் அளவுக்குப் புரதம். சந்தையில் சீசனில் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி, பொரிக்காமல் அவியலாக வை. மாங்காய், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், கொஞ்சமே கொஞ்சம் தேங்காய் சதைத்துப் போட்டு, மண் சட்டியில் மூடி வைத்து, மேலே ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். சட்டியைக் கரண்டி போட்டுக் கிண்டாதே, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்று, மீன் உடையாது. அதே சாளையைப் பொரித்தால் அது குடிக்கிற எண்ணெய் உன் மாதக் கணக்கில் பாதியைத் தின்றுவிடும். தோசைக்கல்லில் வாழையிலையை விரித்து அதில் வைத்துச் சுட்டால் ஒரு ஸ்பூன் எண்ணெய் தாராளம்.

கருவாடு மட்டும் பார்த்து. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். கருவாடும் ஊறுகாயும் பப்படமும் ஒரே நாளில் தட்டில் விழுந்தால் அதுவே தாண்டிப் போகும். மாமிக்கு பிரஷர் இருந்தால் இன்னும் கவனம்.

கருங்கல் பக்கத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி, ராத்திரி இரண்டு தடவை உட்கார்ந்து வாசித்தேன். மரச்சீனியை விடவேண்டாம் என்று வாசித்தபோது மாமியிடம் சத்தமாகவே படித்துக் காட்டினேன்.

ஒரு சங்கடம். மாமி ஆசையாக வைத்துத் தருவதை வேண்டாம் என்று சொன்னால் அவங்களுக்கு மனசு வருத்தப்படும். "வேலைக்குப் போயிட்டு வாற பிள்ளைக்கு இதுகூட வேண்டாமா" என்பாங்க. அப்புறம், ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) சாப்பிடலாமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:

மாமியிடம் வேண்டாம் என்று சொல்லாதே, வேலை கொடு. "மாமி, எனக்கும் அம்மாவுக்கு வந்த மாதிரி வந்திரக்கூடாது, முருங்கைக்கீரைத் துவரனும் பயறும் கூடுதலா வச்சுத் தாருங்க" என்று கேள். பிள்ளைக்கு ஊட்ட வேண்டும் என்கிற ஆசை அவர்களுக்குக் கிழங்கின் மேல் இல்லை, உன் மேல்தான். முருங்கை விளையிலேயே நிற்கும், காசும் இல்லை. பழத்தைப் பொறுத்தவரை பெரிய ஏத்தம்பழம் பாதி, அதுவும் அவித்தோ பச்சையாகவோ, உப்பேரியும் (ஏத்தங்காய் வறுவல்) பழபஜ்ஜியும் இந்தக் கணக்கில் சேராது. மட்டி என்றால் சின்னப் பழம் ஒன்று. கொய்யா தாராளம். சாப்பாட்டோடு சேர்த்துப் பழம் வேண்டாம், இடையில் சாப்பிடு.

கருங்கல் பக்கத்துக்காரி:

ஏழு வாரம் ஆகிறது, சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

எடை 71.6. இடுப்பு 94 இருந்தது 90.5. என் பழைய சுடிதார் ஒன்றில் கொக்கி மாட்ட முடிகிறது. சோற்றைத் தராசில் வைத்துப் பார்த்த அன்றைக்கு நான் நின்றுவிட்டேன், நான் சாதாரணமாகப் போட்டுக்கொண்டிருந்தது 410 கிராம். இப்போது அகப்பை ஒன்றரை. முதல் பத்து நாள் ராத்திரி பசித்தது, பயறைக் கூட்டினதும் சரியாகிவிட்டது. தேங்காய் அரைதான் போகிறது, மாமி மீதி மூடியில் உப்புத் தடவி ஃபிரிட்ஜில் வைத்து "இது நாளைக்குள்ளது" என்று அவங்களே காவல் காக்கிறாங்க. டீயில் சீனி அரை ஸ்பூனுக்கு வந்துவிட்டது, ஆபீஸில் ஒருநாள் பழையபடி போட்டுக் கொடுத்தபோது குடிக்க முடியவில்லை. இரண்டு ஞாயிறு கல்யாண வீடு, அந்த வாரங்களில் இறங்கவில்லை. மழை வந்த ஐந்து நாள் வராந்தாவில் நடந்தோம், சின்னவள் எண்ணிக்கையில் எப்போதும் இரண்டு கூட்டிச் சொல்கிறாள். நாற்காலிப் பயிற்சி பன்னிரண்டு தடவை. முழங்கால் பஸ் படி ஏறும்போது வலிக்கவில்லை, இறங்கும்போது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தைராய்டு பார்த்தேன், சரியாக இருக்கிறது.

இப்போது ஒரு புதுக் கேள்வி. மாமிக்கு 66 வயது, பன்னிரண்டு வருஷமாக சுகர் மாத்திரை, காலையும் ராத்திரியும். என்னைப் பார்த்து அவங்களும் போன வாரத்திலிருந்து ராத்திரிச் சோற்றைக் குறைத்து, சில நாள் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் படுக்கிறாங்க. முந்தாநாள் விடிகாலை மூணு மணிக்கு வேர்த்து நனைந்து, கை நடுங்குது என்று எழுப்பினாங்க. நான் பயந்துபோய் மோர் கொடுத்தேன். வீட்டில் சீனி டப்பாவையே எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். இது என்ன?

ஓய்வுபெற்ற நர்ஸ்:

மக்களே, அது சுகர் இறங்கினது. இன்றைக்கு ராத்திரியே இதைச் சரிசெய்யணும். உனக்கு மாத்திரை இல்லை, அதனால் நீ சோற்றைக் குறைத்தால் பிரச்சினை இல்லை. மாமி போடுகிற மாத்திரை அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற அளவை வைத்து எழுதினது. சோறு குறைந்து மாத்திரை அப்படியே இருந்தால் நடுராத்திரியில் சர்க்கரை கீழே போய்விடும், சில வகை மாத்திரைகளில் அது ரொம்ப வேகமாக நடக்கும், வயதானவர்களுக்கு மயக்கம் வரைக்கும் போகலாம்.

இன்றைக்கு ராத்திரி மாமி பழைய அளவு சாப்பிடட்டும். நாளைக் காலையிலேயே மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போய், சாப்பாடு குறைந்ததையும் மூணு மணிக்கு வேர்த்ததையும் சொல்லுங்கள், அவர் மாத்திரையைக் குறைத்துத் தருவார். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அதன் பிறகு மாமி உன்னோடு சேர்ந்து கீரையும் பயறும் சாப்பிடட்டும், நல்லதுதான்.

மறுபடி அப்படி வேர்வையோ நடுக்கமோ வந்தால், மிஷின் இருந்தால் குத்திப் பார், 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடு. மிஷின் இல்லாவிட்டால் பார்க்காமலே கொடு. மோர் அதற்குப் போதாது. பதினைந்து நிமிஷம் கழித்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு, நின்றதும் இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சோறோ. ஆள் மயங்கி, விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, 108-க்குக் கூப்பிடு.

சீனி டப்பாவை எடுத்து மாமியின் கட்டில் பக்கத்திலேயே வை, கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் ஸ்பூனும். டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று நாளைக்கு இங்கே எழுது.